ஆகஸ்ட் வெயிலில் சியரா மலை ஏரிகளில் ட்ரவுட் மீன்: எந்த நேரம், எவ்வளவு ஆழம், எந்த ஏரி?

மதுரை_முத்து
ஜூலை 21, 2024, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன். ஊரில் வைகையிலும் கண்மாயிலும் கெளுத்தி, கெண்டை, விரால் பிடித்து வளர்ந்தவன். மண்புழுவும் தக்கையும் இருந்தால் போதும், மீன் தானாக வரும் என்ற நினைப்போடு போன ஆகஸ்டில் குடும்பத்தோடு சியரா மலையில் இருக்கும் ஜூன் லேக் ஏரிக்குப் போனேன். நான்கு நாள் தங்கினோம். காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கரைக்குப் போவோம், மதியம் மூன்று வரை உட்காருவோம். மொத்தம் கிடைத்தது மூன்று மீன். அதில் இரண்டு வெறும் விரல் நீளம்தான். மூன்றாவதுதான் நல்ல மீன், பதினான்கு அங்குலம் இருக்கும்.

அந்த மூன்றாவதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். என் மகளுக்குப் பத்து வயது. அவள் தூண்டிலில்தான் மாட்டியது. ஐந்து நிமிஷம் போராடி இழுத்தாள். கையில் பிடிக்க வைத்துப் படம் எடுத்தோம், முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டோம். மீன் ஓரடி போனது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்த்திப் பிடித்தேன். கையை எடுத்தால் மறுபடி சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வயிறு மேலே வந்துவிட்டது. மகள் கரையை விட்டு வர மறுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த வருஷம் ஆகஸ்ட் 9 முதல் 13 வரை அதே பக்கம் போகிறோம். தூண்டில் வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். எங்கே தப்பு செய்தேன்? வெயில் காலத்தில் ட்ரவுட் பிடிக்கப் போவதே தவறா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ரீனோ_பாலு
ஜூலை 22, 2024, காலை 6:15

முத்து தம்பி, படித்தேன். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக சியரா மலையோரம் போகும் 395 நெடுஞ்சாலையில் ஏறி இறங்குகிறேன். முதல் ஐந்தாறு வருஷம் நான் விட்ட மீனெல்லாம் பிழைத்துப் போனது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கெளுத்தியை வைத்து ட்ரவுட்டை எடை போடாதீர்கள். விரால் சேற்றுத் தண்ணீரில் கிடந்து மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். ட்ரவுட் பனி உருகிய தண்ணீருக்கென்றே பிறந்தது. ரெயின்போ வகை ட்ரவுட்டுக்கு 54 முதல் 61 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 12 முதல் 16 செல்சியஸ், இதமான தண்ணீர். 68 (20 செல்சியஸ்) தாண்டினால் இரை எடுப்பது குறையும், திணறத் தொடங்கும். 77ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஏன் என்றால், தண்ணீர் சூடானால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, அதே சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இறங்குகிறது. கடல்மட்டத்தில் 10 செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 20 செல்சியஸில் 9தான். மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் குறையும். 10,000 அடியில், அதே சூட்டில், கடல்மட்டத்தில் கரைவதில் கிட்டத்தட்ட எழுபது சதவீதம்தான் கரையும். இந்த நிலைமையில் மீன் ஐந்து நிமிஷம் போராடினால் உடம்பில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். அதைத் தீர்க்க ஆக்சிஜன் வேண்டும். சூடான மேல்தண்ணீரில் அது போதாது. இதற்கு நடுவில் படம் எடுக்க அரை நிமிஷம் காற்றில் தூக்கிப் பிடித்தால், நூறு மீட்டர் ஓடி வந்தவன் மூக்கைப் பொத்துவது மாதிரி. உங்கள் மீனுக்கு நடந்தது இதுதான்.

அடுத்து ஆழம். ஏரியில் இறங்கி நின்றிருக்கிறீர்களா? மார்பு வரை இதமாக இருக்கும், காலைக் கீழே விட்டால் சுருக்கென்று குளிரும். கோடையில் ஏரி இப்படி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான லேசான தண்ணீர், அடியில் கனமான குளிர்ந்த தண்ணீர், நடுவில் சட்டென்று சூடு இறங்கும் ஒரு பட்டை. தெர்மோக்ளைன் என்பது அந்தப் பட்டைதான். ஜூன் லேக், கான்விக்ட் லேக் மாதிரி ஆழமான ஏரிகளில் ஆகஸ்டில் அது பெரும்பாலும் 20 முதல் 40 அடிக்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பகலில் பெரிய மீன் அதை ஒட்டியே நிற்கும். நீங்கள் கரையிலிருந்து வீசிய புழு ஆறு அடி ஆழத்தில் கிடந்திருக்கும்.

அதனால் ஆகஸ்டில் கரை மீன்பிடிப்புக்கு விடியற்காலைதான் நேரம். இரவெல்லாம் ஆறிய மேல்தண்ணீர் அப்போதுதான் மிகவும் குளிர்ந்திருக்கும், மீன் துணிந்து கரையோரம் மேய வரும். ஐந்தரைக்குக் கரையில் இருங்கள். எட்டரை, ஒன்பதுக்குச் சுருட்டிவிடுங்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு நீந்துங்கள். சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் மறுபடி பார்க்கலாம், ஆனால் அப்போது தண்ணீர் பகல் சூட்டை இன்னும் வைத்திருக்கும். எனக்குக் காலைதான்.

ஒரே ஒரு பொருள் வாங்குங்கள் என்றால் தண்ணீர் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர். பத்துப் பதினைந்து டாலர்தான். தூண்டில் நரம்பில் கட்டி இறக்கி இரண்டு நிமிஷம் விட்டு எடுங்கள். அந்த வேலையை மகளிடமே கொடுங்கள்.

கார்த்தி_ஃப்ரெஸ்னோ
ஜூலை 22, 2024, மதியம் 12:50

பாலு அண்ணா சொன்னது சரி, ஆனால் கரையிலிருந்தும் ஆழத்துக்குப் போட வழி உண்டு. எல்லோரிடமும் படகு இருக்காது.

கரை செங்குத்தாக இறங்கும் இடத்தைத் தேடுங்கள். தண்ணீர் நிறம் வெளிர்பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் கோடு கரைக்குப் பக்கத்தில் இருந்தால் அதுதான் இடம். ஈயக்குண்டை நரம்பில் ஓட விட்டு, கீழே ஒரு வளையம், அதற்கும் கீழே நான்கு பவுண்டு தாங்கும் நரம்பு, சின்ன முள், பவர்பெய்ட் என்ற மிதக்கும் மாவு இரை. குண்டு தரையில் உட்காரும், மாவு மேலே மிதந்து நிற்கும். போன வருஷம் கீழ்நரம்பை எவ்வளவு நீளம் விட்டீர்கள்? ஜூன் மாதத்தில் ஒன்றரை அடி போதும். ஆகஸ்டில் அடியில் நீர்ச்செடி வளர்ந்துவிடும், ஒன்றரை அடி விட்டால் இரை செடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூன்று, நான்கு அடி விடுங்கள்.

காஸ்ட்மாஸ்டர் மாதிரி முள் வைத்த பித்தளைத் தகடு வீசினால், விழுந்ததிலிருந்து எண்ணுங்கள். நொடிக்குச் சுமார் ஓரடி இறங்கும் என்று வைத்துக்கொண்டு முதலில் பத்து எண்ணி இழுங்கள், அப்புறம் பதினைந்து, அப்புறம் இருபது. எந்த எண்ணில் கடித்ததோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பவர்பெய்ட் போட்டால் மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும். அதனால் அதைச் சாப்பிட எடுத்துக்கொள்ளும் நாளில் மட்டும் போடுவேன். விடுவதாக இருந்தால் ஒற்றை முள் வைத்த தகடுதான்.

மதுரை_முத்து
ஜூலை 22, 2024, இரவு 8:05

கீழ்நரம்பு ஓரடி கூட விடவில்லை கார்த்தி! பாலு அண்ணா, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ அது மூச்சு முட்டிச் செத்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். தெர்மாமீட்டர் ஆர்டர் போட்டாயிற்று.

ஒரு சந்தேகம். காற்று அடித்தால் எந்தக் கரை நல்லது? மதியத்துக்கு மேல் அங்கே பேய்க்காற்று.

ரீனோ_பாலு
ஜூலை 23, 2024, காலை 5:50

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். செத்த பூச்சி, எறும்பு, மிதக்கும் இரை எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். அலை இருப்பதால் மீனுக்கு நம் நிழலும் தெரியாது.

கோத்தகிரி_மலர்
ஜூலை 23, 2024, இரவு 10:20

பாலு அண்ணா, இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஜூன் மாதத்துக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. ஆகஸ்டுக்கு அப்படியே சொல்லக் கூடாது.

காற்று பூச்சியை மட்டும் தள்ளுவதில்லை, மேலே இருக்கும் சூடான தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறது. எதிர்க்கரையில் சூடான தண்ணீர் குவிந்து கீழே அமுங்கும். காற்று புறப்படும் கரையில் மேல்தண்ணீர் விலகிப் போவதால், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்தை நிரப்ப மேலே வரும். இரண்டு நாள் விடாமல் ஒரே திசையில் அடித்த காற்றுக்குப் பிறகு ஒரு தடவை இரண்டு கரையிலும் அளந்தேன். அலை அடித்த பக்கம் 69, அமைதியான பக்கம் 62. ஒரே ஏரி, ஒரே மணி நேரம். மீனெல்லாம் அமைதியான பக்கம்தான் இருந்தது. அதனால் முத்து, தெர்மாமீட்டரைக் கேளுங்கள். 65க்குக் கீழே இருந்தால் அலைக்கரை. அதற்கு மேலே போனால் எதிர்ப்பக்கம்.

அதே கணக்குதான் ஓடை வந்து விழும் இடத்துக்கும். க்ரோலி லேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் லாஸ் ஏஞ்சலஸின் தண்ணீருக்காகக் கட்டிய அணை. 6,800 அடியில் பரந்து கிடக்கும் ஏரி, ஆகஸ்டில் நன்றாகச் சூடாகும், நீலப்பச்சைப் பாசியும் படரும். அப்போது மீன் மெக்கீ ஓடை, ஹில்டன் ஓடை, ஓவன்ஸ் ஆறு வந்து சேரும் வாய்களில் மொய்த்துக்கொண்டு நிற்கும். மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த தண்ணீர் அங்கேதான் கிடைக்கும். அவ்வளவு மீனை ஒரே இடத்தில் பார்த்தால் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அவை அடைக்கலம் தேடி வந்து நிற்பவை. ஏரியின் மற்ற இடமெல்லாம் 70 என்றால் நான் அந்த வாயில் தூண்டில் போட மாட்டேன்.

இப்போது உங்கள் மகளின் மீனுக்கு வருகிறேன். நான் பிறந்தது நீலகிரியில். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே கொண்டுவந்த ட்ரவுட்டின் பூர்வீகம் வேறு மலை, வேறு கண்டம். அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கு அப்பா சின்ன வயதில் கூட்டிப்போனார். சித்திரை வெயில். தொட்டியில் மீன் முழுக்க ஒரு மூலையில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் தலையை வைத்து நின்றது. "வேற எங்கயும் மூச்சு விட முடியாது பாப்பா" என்றார் அப்பா. இன்றைக்கும் கரையில் நின்று ஏரியைப் பார்க்கும்போது அந்தக் குழாய் எங்கே இருக்கும் என்றுதான் தேடுகிறேன்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. மேல்தண்ணீர் 65 வரை பிடிப்பேன், விடுவேன். 65க்கு மேல் போனால் சாப்பிட வேண்டிய மீனை மட்டும் பிடிப்பேன், கிடைத்ததை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுவேன். 68 ஆனால் தூண்டிலே போடுவதில்லை. "பிடித்து விட்டுவிடுகிறோம், பாவமில்லை" என்று பகல் ஒரு மணிக்கு இருபது மீனைப் பிடித்து விடுபவரை விட, காலையில் இரண்டு மீனைப் பிடித்துக் குழம்பு வைப்பவர் ஏரிக்குக் குறைவான கேடு செய்கிறார் என்று நினைக்கிறேன். மொன்டானா மாநிலத்தில் ஆறுகள் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரியைத் தொட்டால் மதியம் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பை நிறுத்தும் விதி உண்டு. இங்கே ஏரிகளில் நமக்கு நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுவதாக இருந்தால்: முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். மெல்லிய நரம்பு போட்டு நீண்ட நேரம் விளையாட வேண்டாம், ஒரு நிமிஷத்துக்குள் கரைக்குக் கொண்டு வாருங்கள். ரப்பர் வலையில் வைத்துத் தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுங்கள். உலர்ந்த கை படக் கூடாது, மேலே இருக்கும் வழவழப்புதான் அதற்குத் தோல். படம் வேண்டுமானால் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுக்கலாம்.

ரீனோ_பாலு
ஜூலை 24, 2024, காலை 6:30

மலர், ஒத்துக்கொள்கிறேன். நான் எப்போதும் அலைக்கரைக்கே போய்ப் பழகியவன். இனிமேல் இரண்டு கரையையும் அளந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

சிவா_முதுகுப்பை
ஜூலை 25, 2024, இரவு 11:10

எல்லோரும் 7,000 அடி ஏரியிலேயே நின்று பேசுகிறீர்கள். ஆகஸ்டில் மேலே ஏறுங்கள்! ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை டிகிரி குறையும். கீழே ஜூன் லேக் கரை காலை பத்து மணிக்கே சூடேறும்போது, டயோகா கணவாய்க்கு மேலே சாடில்பேக் லேக்கில், 10,000 அடியில், கையை வைத்தால் விறைக்கும். பனி உருகி ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். அங்கே ட்ரவுட்டுக்கு வருஷத்தில் கோடை என்று கிடைப்பதே பத்துப் பன்னிரண்டு வாரம். அந்த வாரங்களில் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரை எடுக்கும்.

பனியைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் மாறும். 2023இல் டயோகா சாலை ஜூலை 22 அன்றுதான் திறந்தது, இதுவரை இல்லாத தாமதம். ஆகஸ்டிலும் மேலே சில ஏரிகள் பாதி பனியோடு கிடந்தன. இந்த வருஷம் அப்படி இல்லை, எல்லாம் எப்போதோ திறந்தாயிற்று.

மேலே என்ன இரை என்றால், பெரும்பாலும் காற்று கொண்டு வருவதுதான். மதியம் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறும் காற்று சிறகெறும்பையும் வண்டையும் தூக்கி வந்து ஏரியில் கொட்டும். கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு சின்ன மிதவைக்குள் பாதி தண்ணீர் நிரப்பி, அதற்குப் பின்னால் ஐந்தடி நரம்பில் கறுப்பு எறும்பு மாதிரிக் கட்டிய முள் (ஃப்ளை) ஒன்று. சாதாரண சுழல் தூண்டிலிலேயே வீசலாம். மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட எளிதான வழி தெரியாது எனக்கு.

மேலே இருப்பது பெரும்பாலும் ப்ரூக் ட்ரவுட், ஆறு எட்டு அங்குலம். எண்ணிக்கை அதிகமாகி, தீனி போதாமல் வளராமல் நின்றவை. தலை பெரிதாகவும் உடம்பு ஒல்லியாகவும் இருந்தால் அந்த ஏரியில் மீன் மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். அவற்றைத் தயங்காமல் சாப்பிட எடுங்கள், விதி அனுமதிக்கும் அளவுக்குள்.

எச்சரிக்கை ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் மேகம் திரண்டு இடி இறங்கும். கிராஃபைட் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மேகம் கறுத்தால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கீழே வைத்துவிட்டு இறங்குங்கள்.

கார்த்தி_ஃப்ரெஸ்னோ
ஜூலை 26, 2024, காலை 7:45

சிவா, அந்த மேல் ஏரிகளில் வலை போட்டு ட்ரவுட்டை ஒழிக்கிறார்களே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நான் பதினைந்து வருஷமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஏரியில் இப்போது மீன் கிடையாது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டம். பையனைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று வைத்திருந்த இடம்.

சிவா_முதுகுப்பை
ஜூலை 26, 2024, இரவு 10:30

கார்த்தி, உங்கள் வருத்தம் புரிகிறது. எனக்கும் ஒரு ஏரி அப்படிப் போனது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த மலையின் மேல் ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மீனே இருந்ததில்லை. பனிப்பாறை குடைந்த ஏரிகள், கீழே அருவிகள், மீன் ஏறி வர வழியில்லை. மனிதர்கள்தான் கோவேறு கழுதை முதுகில் டப்பா கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். பிற்பாடு விமானத்திலிருந்தும் கொட்டினார்கள். கோல்டன் ட்ரவுட்டின் கதை தெரியுமா? கெர்ன் ஆற்றின் மேல்பகுதியில் மட்டும் இருந்த மீன். 1876இல் மர அறுவை ஆலைக்காரர் ஒருவர் அதைக் காப்பிக் கெண்டியில் போட்டுக் காட்டன்வுட் ஓடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து காட்டன்வுட் ஏரிகளுக்கு, அங்கிருந்து மலை முழுக்க. 1947இல் அதுவே இந்த மாநிலத்தின் மீன்.

மீன் இல்லாத அந்த ஏரிகளில் ஒரு தவளை இருந்தது, மஞ்சள் கால் தவளை. கோடை குறைவாக இருப்பதால் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை குளிர்காலத்தில் அடிவரை உறையாத, கோடையில் வற்றாத ஆழமான ஏரி வேண்டும். மீனை விட்டதும் அதே ஆழமான ஏரிகளில்தான். தலைப்பிரட்டை அதற்குத் தீனி ஆனது. பிறகு ஒரு பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. 2014இல் அழியும் உயிர் என்று பட்டியலில் சேர்த்தார்கள். மீனை எடுத்த ஏரிகளில் தவளை பெருகியதை ரோலண்ட் நாப் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எல்லா ஏரியிலும் எடுக்கவில்லை, தேர்ந்தெடுத்த சிலவற்றில்தான். பிடிப்பதற்கு இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மீன் எடுத்த ஏரி ஒன்றின் கரையில் ஒரு ஜூலை மதியம் உட்கார்ந்திருந்தேன். காலடியில் வெயில் காயும் பாறை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தவளை. நான் நகர்ந்ததும் கரை நெடுக டப் டப் என்று தண்ணீரில் குதித்தன. அந்தச் சத்தத்தை உங்கள் பையனும் கேட்கலாமே.

கார்த்தி_ஃப்ரெஸ்னோ
ஜூலை 27, 2024, காலை 8:00

தலைப்பிரட்டைக்கு மூன்று வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோபம் இல்லை இப்போது.

மதுரை_முத்து
ஜூலை 28, 2024, இரவு 9:15

எவ்வளவு விஷயம்! நன்றி. பிள்ளைகள் இருவர், 10, 14. நீண்ட நடை முடியாது. காரில் போய் இறங்கும் தூரத்தில் உயரமான ஏரி எது? லைசென்ஸ் யாருக்கெல்லாம் வேண்டும்?

ரீனோ_பாலு
ஜூலை 29, 2024, காலை 6:00

பதினாறு வயதோ அதற்கு மேலோ இருந்தால் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆனால் அளவு அவர்களுக்கும் உண்டு. ஏரிகளில் பொதுவாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து ட்ரவுட். சில ஏரிகளுக்குத் தனி விதி இருக்கும், கிளம்பும் முன் பாருங்கள்.

இடம்: வர்ஜினியா லேக்ஸ். 395இல் கான்வே சம்மிட்டில் மேற்கே திரும்பினால் சாலை நேராக ஏரிக்கே போகும், சுமார் 9,700 அடி. ஜூன் லேக்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் சீக்கிரம் போய்விடலாம். சாலை முடிவிலிருந்து கொஞ்சம் நடந்தால் ப்ளூ லேக்கும் வரும். தெற்கே போவதானால் ராக் க்ரீக் லேக், கிட்டத்தட்ட அதே உயரம். இரண்டிலும் முதல் நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். உயரம் பிள்ளைகளுக்குத் தலைவலி கொடுக்கும்.

கோத்தகிரி_மலர்
ஜூலை 29, 2024, மதியம் 1:30

சாப்பிட எடுக்கும் மீனைக் கயிற்றில் கோத்துச் சூடான தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், சதை குழைந்துவிடும். பிடித்ததும் தலையில் ஒரே தட்டு. வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுங்கள், முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறுப்பு இரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துவிடுங்கள். உடனே ஐஸ் பெட்டி. கழிவைக் கரையில் போட்டால் கரடி வரும். கட்டி எடுத்துப் போங்கள்.

அங்கே சோறு வைப்பதாக இருந்தால் சின்ன குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 90 செல்சியஸ் பக்கத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது.

மதுரை_முத்து
ஆகஸ்ட் 15, 2024, இரவு 10:50

நேற்று வந்து சேர்ந்தோம். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

9ஆம் தேதி சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் மகள் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரை நரம்பில் கட்டி ஜூன் லேக்கில் இறக்கினாள். 70. "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். தூண்டில் காரிலேயே இருந்தது. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனோம். 64. கார்த்தி சொன்ன மாதிரி செங்குத்தான கரை, மூன்றரை அடி கீழ்நரம்பு. ஏழு மணிக்குள் பையனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டும் பன்னிரண்டு அங்குல ரெயின்போ. இரண்டையும் எடுத்துக்கொண்டோம். எட்டு மணிக்கு 66. சுருட்டிவிட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார்கள், மகள் தெர்மாமீட்டரைக் காட்டினாள்.

11ஆம் தேதி வர்ஜினியா லேக்ஸ். காலை ஏழு மணிக்கு 55. மகள் இரண்டு நாளாகத் தூண்டிலைத் தொடவில்லை, அங்கே கேட்டு வாங்கிக்கொண்டாள். சிவா சொன்ன கண்ணாடி மிதவை, கறுப்பு எறும்பு. நான்காவது வீச்சில் ஒரு ப்ரூக் ட்ரவுட், கையளவு. முதுகில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள், பக்கத்தில் நீல வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி, துடுப்பு ஓரத்தில் வெள்ளைக் கீற்று. எதிர்க்கொக்கி நசுக்கிய முள், தண்ணீருக்குள்ளேயே கழன்றது. வலையைச் சாய்த்தோம். மீன் ஒரு நொடி அவள் விரல்களுக்கு நடுவில் நின்றது, அப்புறம் வாலை ஒரு அடி அடித்து ஆழத்துக்குப் போய்விட்டது. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் பார்த்த அதே முகம் இல்லை.

மதியம் ஒன்றரைக்கு இடி. இறங்கிவிட்டோம்.

மலர் அக்கா, காற்றுக் கணக்கையும் பார்த்தோம். 12ஆம் தேதி ஜூன் லேக்கில் அலைப்பக்கம் 70, எதிர்ப்பக்கம் 67. நீங்கள் சொன்ன அளவு வித்தியாசம் இல்லை, ஆனால் திசை சரிதான். குக்கருக்கும் நன்றி. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை மட்டும் போட்டு வறுத்தோம், சோறு பதமாக வெந்தது.

ரீனோ_பாலு
ஆகஸ்ட் 16, 2024, காலை 6:05

முத்து, உங்கள் மகள் அளந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாளா? தேதி, மணி, டிகிரி, காற்று இருந்தால் அடுத்த ஆகஸ்டில் எனக்கே உதவும். கடைசி நாள் என்ன இருந்தது?

மதுரை_முத்து
ஆகஸ்ட் 16, 2024, இரவு 8:30

ஒரு சின்ன நோட்டில் எழுதியிருக்கிறாள் அண்ணா. படம் எடுத்து அனுப்புகிறேன். 13ஆம் தேதிப் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"காலை 6:20. வர்ஜினியா. 54. காத்து இல்ல. பாறைக்குக் கீழ ரெண்டு மீன் நின்னுச்சு. அண்ணன் தூண்டில் போட்டான், அது திரும்பிக் கூடப் பாக்கல."